மாமாவின் திசு அறிக்கையில் வந்த நொதி: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

அத்தை: எல்லோருக்கும் வணக்கம். அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுவின் அறிக்கை இன்று வந்துவிட்டது. மூளைக்கட்டியின் பெயர் ஆஸ்ட்ரோசைட்டோமா, தரம் 2 என்றும், அதன் கீழே ‘ஐடிஎச்1 ஆர்132எச் மரபணு மாற்றம் உள்ளது’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஐடிஎச்1 என்பது ஒரு நொதி என்று மருத்துவர் சொன்னார். அடுத்த சந்திப்பில் விரிவாகப் பேசலாம் என்றார், ஆனால் அதுவரை பொறுத்திருக்க மனம் வரவில்லை.

பெரியப்பா: அறிக்கை வந்ததே பாதி நிம்மதி அம்மா. நொதி என்று படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. நொதி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டால் அவை கட்டியைக் கரைத்துவிடும் என்று வேறொரு குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அது பயன்படுமா?

அக்கா: அப்பா, அந்தச் செய்தியைத் தயவுசெய்து மாமாவுக்கு அனுப்ப வேண்டாம். நொதிகள் பெரும்பாலும் புரதங்கள். விழுங்கிய நொதியை நம் செரிமானப் பாதை மற்ற புரதங்களைப் போலவே துண்டாக்கிவிடும். அதில் ஏதேனும் தப்பி இரத்தத்தில் கலந்தாலும், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்பை அவ்வளவு பெரிய மூலக்கூறு கடப்பது மிகவும் கடினம். அதையும் கடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், புரதத்தை வெட்டும் ஒரு நொதிக்கு இது கட்டி, இது நல்ல திசு என்று பிரித்தறியத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூளைக்கட்டியின் செல்களே புரதத்தை வெட்டும் நொதிகளைச் சுரக்கின்றன. மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டியேஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த எம்எம்பி-2, எம்எம்பி-9 ஆகியவை செல்களுக்கு இடையில் உள்ள புரதப் பின்னலை அறுத்து, கட்டியின் செல்கள் அக்கம்பக்கத்து மூளைத் திசுவுக்குள் ஊடுருவ வழி செய்கின்றன. அந்த நொதிகளைத் தடுக்க மாரிமாஸ்டாட் என்ற மருந்தைக் கிளியோபிளாஸ்டோமா என்ற மிகத் தீவிரமான மூளைக்கட்டி உள்ள நோயாளிகளிடம் சோதித்தபோது, அது ஆயுளைக் கூட்டவில்லை.

பெரியப்பா: புரிந்தது. அந்தச் செய்தியை அனுப்பியவருக்கும் இதையே எழுதிவிடுகிறேன்.

மாமா: நீ உயிர்வேதியியல் கற்பிப்பவள் என்பதால் நேராகவே கேட்கிறேன் அம்மா. என் தலைக்குள் இருந்த கட்டிக்கும் இந்த ஐடிஎச்1 நொதிக்கும் என்ன தொடர்பு? மென்று விழுங்காமல் சொல்.

அக்கா: சொல்கிறேன் மாமா. சிகிச்சையைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். நொதியைப் பற்றி நான் சொல்லலாம்.

நம் எல்லோருடைய செல்களிலும் ஐடிஎச்1 இருக்கிறது. ஐசோசிட்ரேட் என்ற பொருளை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றுவதும், அந்த வினையின்போது என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறைத் தருவதும் அதன் வேலை. அது 414 அமினோ அமிலங்களால் ஆன புரதம். உங்கள் அறிக்கையில் உள்ள ‘ஆர்132எச்’ என்பது, அந்தத் தொடரில் 132-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஆர்ஜினினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் வந்திருக்கிறது என்பதைக் குறிக்கிறது. 414-இல் ஒன்றுதான் மாறியிருக்கிறது, ஆனால் அது வினை நடக்கும் இடத்திலேயே மாறியிருப்பதால் நொதியின் போக்கே மாறிவிடுகிறது. தான் உண்டாக்க வேண்டிய ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டையே அது மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு, என்ஏடிபிஎச்சையும் செலவழித்து, 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற வேறொரு பொருளை உண்டாக்கத் தொடங்குகிறது.

இந்தப் பொருள் இயல்பான செல்லிலும் மிகச் சிறிய அளவில் உண்டு. மாறிய நொதி உள்ள கட்டியில் அது பல மடங்கு சேர்ந்துவிடுகிறது. உருவத்தில் அது ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டை ஒத்திருப்பதால், ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டை நம்பி இயங்கும் பல நொதிகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை முடக்குகிறது. டிஎன்ஏவின் மீதும், டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீதும் படிந்த மெத்தில் குறிகளை, அதாவது மரபணுக்கள் இயங்குவதைக் கட்டுப்படுத்தும் சிறு வேதிக் குறிகளை, நீக்கும் நொதிகள் அவற்றில் முக்கியமானவை. அவை முடங்கினால் குறிகள் நீங்காமல் சேர்ந்துகொண்டே போகும், முதிர்ந்த செல்லாக மாறு என்று சொல்ல வேண்டிய மரபணுக்கள் பூட்டிய நிலையிலேயே இருக்கும், செல்லோ முதிராமல் பிரிந்துகொண்டே இருக்கும்.

தம்பி: ஒரே ஒரு நொதியால் இவ்வளவும் நடக்கிறது என்பதை எப்போது கண்டுபிடித்தார்கள் அக்கா?

அக்கா: 2008-இல். 22 கிளியோபிளாஸ்டோமாக் கட்டிகளின் 20,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த ஓர் ஆய்வில், யாரும் எதிர்பாராத விதமாக ஐடிஎச்1 மாற்றம் தென்பட்டது. அது வெறும் வளர்சிதைமாற்ற நொதி, புற்றுநோயோடு அதற்கு என்ன தொடர்பு இருக்க முடியும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். அடுத்த ஆண்டே 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் உருவாவதைக் கண்டறிந்தார்கள். 2021-இல் உலகச் சுகாதார அமைப்பு வெளியிட்ட வகைப்பாட்டில், நரம்புச் செல்களுக்குத் துணையாக உள்ள மூளைச் செல்களை ஒத்த கட்டிகளான கிளியோமாக்களில், பெரியவர்களுக்கு வரும் பரவும் வகைகளைப் பெயரிடும்போதே இந்த நொதி மாறியிருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறார்கள். மாறியிருக்கும் கட்டிகள், மாறாதவற்றைவிடப் பொதுவாக மெதுவாக வளர்கின்றன. மாமா, அந்த வரியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு வந்தது.

மாமா: இது என் பிள்ளைகளுக்கும் வருமா?

அக்கா: இந்த மாற்றம் நீங்கள் பிறக்கும்போது கொண்டுவந்தது அன்று மாமா. பிற்காலத்தில் மூளையில் ஏதோ ஒரு செல்லில் ஏற்பட்டு, அதிலிருந்து பிரிந்து வந்த செல்களில் மட்டும் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கடத்தும் செல்களில் அது இல்லை. நீங்கள் உண்ட உணவையோ உங்கள் பழக்கத்தையோ நினைத்து உங்களையே நொந்துகொள்வதற்கும் இதில் இடமில்லை.

அத்தை: முதலில் அவருக்கு வலிப்புதானே வந்தது. அதற்கும் இதுதான் காரணமா?

அக்கா: அதில் இதற்கும் பங்கு இருக்கலாம் அத்தை. 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட், நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட்டையும் உருவத்தில் ஒத்திருக்கிறது. இந்த மாற்றம் உள்ள கட்டிகளில் வலிப்பு அதிகமாகக் காணப்படுவதற்கு அது ஒரு காரணம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எதுவாக இருந்தாலும், வலிப்பு நின்றுவிட்டது என்று எண்ணி அதற்கான மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

தம்பி: மாறிப்போன அந்த நொதியை மட்டும் நிறுத்த முடியாதா?

அக்கா: முடியும் என்று இப்போது சொல்லலாம். வோராசிடெனிப் என்ற மாத்திரை, மாறிய ஐடிஎச்1 நொதியையும், அதன் நெருங்கிய உறவான ஐடிஎச்2 மாறியிருந்தால் அதையும் தடுக்கிறது. மூளைக்குள் செல்லும் வகையிலேயே அதை வடிவமைத்தார்கள். தரம் 2 கட்டி உள்ள, அறுவைச் சிகிச்சை மட்டுமே பெற்றிருந்த 331 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு, மருந்து பெற்றவர்களிடம் 27.7 மாதங்கள், மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களிடம் 11.1 மாதங்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

இருந்தாலும், கட்டியை அடியோடு அழிக்கும் மருந்தாக அதை எண்ணிவிடக் கூடாது. வளர்ச்சியைத் தள்ளிப்போடுவதும், அதன்மூலம் கதிர்வீச்சையும் கீமோவையும் பிற்பாட்டுக்கு வைத்துக்கொள்ள வழி செய்வதும்தான் அதன் பயன். அதை எடுத்துக்கொள்பவர்களுக்கு இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்பதால், அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அத்தை: அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. ‘எம்ஜிஎம்டி மெத்திலேற்றம் உள்ளது’ என்று எழுதியிருக்கிறது.

அக்கா: எம்ஜிஎம்டி என்பது டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் புரதம். நல்ல செல்லில் அது காவலன், கீமோ கொடுக்கும்போது கட்டியின் செல்லுக்கும் அதுவே காவலனாகிவிடுகிறது. டெமோசோலோமைடு என்ற மருந்து கட்டியின் டிஎன்ஏவில் ஒரு மெத்தில் குழுவை ஒட்டிச் சேதப்படுத்தும், எம்ஜிஎம்டி அதைத் தன்மேல் வாங்கிக்கொண்டு சேதத்தைச் சரிசெய்யும். ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே ஒருமுறைதான் இதைச் செய்ய முடியும், அதன்பின் அழிந்துவிடும். உங்கள் அறிக்கையின்படி அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறிகள் படிந்து அதன் உற்பத்தியை ஒடுக்கியிருக்கின்றன. என்றைக்காவது அந்த மருந்து தேவைப்பட்டால் அது வேலை செய்யும் வாய்ப்பு கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாமா: அப்படியானால் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். எஞ்சிய கட்டி எவ்வளவு? இப்போதே மாத்திரை தொடங்கலாமா, படம் எடுத்துப் பார்த்துக் காத்திருக்கலாமா? தொடங்கினால் கல்லீரலை எப்படிக் கவனிப்பார்கள்?

அக்கா: சரியான கேள்விகள் மாமா. நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிடிகேஎன்2ஏ/பி என்ற மரபணுப் பகுதி இருக்கிறதா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். செல் பிரிவதை முடுக்கிவிடும் சில கைனேஸ் நொதிகளுக்குக் கடிவாளமாக உள்ள புரதங்கள் அதிலிருந்துதான் வருகின்றன. ஆஸ்ட்ரோசைட்டோமாவில் அதன் இரண்டு பிரதிகளும் தொலைந்திருந்தால், நுண்ணோக்கியில் எப்படித் தெரிந்தாலும் மிகத் தீவிரமான தரம் 4 என்றே வகைப்படுத்துவார்கள்.

அத்தை: பொறு, கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறேன்.

அத்தை: இருக்கிறது. ‘சிடிகேஎன்2ஏ/பி இழப்பு காணப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அக்கா: அப்படியென்றால் அறிக்கை சொல்லும் தரம் 2 அப்படியே நிற்கிறது அத்தை. அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், நான்காவது கேள்வி இனித் தேவையில்லை.