'180-இல் ஒன்று' என்பதைக் கர்ப்பிணிகளுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி (துணை மையச் செவிலியர், கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். இங்கே வரும் கர்ப்பிணிகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். 11 முதல் 13 வாரத்திற்குள் என்.டி. ஸ்கேனும் (கருவின் பிடரியில் உள்ள நீரின் தடிமனை அளப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் (தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவைப் பார்ப்பது) முடித்து, ஆங்கில அறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அண்மையில் ஓர் இளம்பெண்ணின் அறிக்கையில் டவுன் சிண்ட்ரோமுக்கான (21-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) வாய்ப்பு 1:180 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதைக் கண்ட மாமியார், "குழந்தைக்குக் குறையாமே, கலைத்துவிடலாமா?" என்று கேட்டார். பயமுறுத்தாமலும் மறைக்காமலும் எப்படிச் சொல்கிறீர்கள்?

மறுமொழி (ஓய்வுபெற்ற செவிலியர், பொள்ளாச்சி):
நான் வாய்ப்பேச்சோடு நிறுத்துவதில்லை, அம்மா. வெள்ளைத்தாளில் வரிக்கு 18 புள்ளியாகப் பத்து வரி வைத்து, ஒன்றை மட்டும் வட்டமிட்டு, "இதே முடிவு வந்த 180 தாய்மாரில் ஒருவரின் குழந்தைக்கு அது இருக்கலாம், மற்ற 179 பேரின் குழந்தைகளுக்கு இராது" என்று சொல்லி, தாளை அந்தப் பெண்ணிடமே கொடுப்பேன், மாமியாரிடம் அல்ல. அவளுடன் தனியாகப் பேசிய பிறகே வீட்டாரை உள்ளே அழைப்பேன். 1:5000 என்று வந்தவர்களுக்கும் இதே விளக்கம் வேண்டும், ஏனெனில் அதுவும் பூஜ்யம் அன்று.

மறுமொழி (மகப்பேறு மருத்துவர், பாலக்காடு):
இந்த எண்ணை வைத்துக்கொண்டு கருக்கலைப்பைப் பற்றிப் பேசவே கூடாது. உறுதி செய்ய, 16 வாரமளவில் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துக் குரோமோசோம்களைப் பார்க்க வேண்டும்; அதில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனை மேலும் துல்லியமானது என்றாலும் அதுவும் முடிவான தீர்ப்பு அன்று. கடுமையான குறை உறுதியானால், 24 வாரம் கடந்த பின்னும் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு கலைக்க கருக்கலைப்புச் சட்டத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. ஆகவே அன்றைக்கே முடிவெடுக்கும்படி யாரும் அவளை நெருக்க வேண்டியதில்லை.

மறுமொழி (ஒரு தாய், வேலந்தாவளம்):
இந்த விளக்கமெல்லாம் ரத்தம் எடுக்கும் முன்பே கிடைக்க வேண்டும். எனக்கு ரத்தம் எடுத்த நிலையத்தில் அது எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை; முடிவு வந்த இரவு முழுவதும் அழுதேன். பிறகு எங்கள் ஊர்ச் செவிலியர்தாம் பொறுமையாக விளக்கினார். பனிக்குட நீர்ப் பரிசோதனை வேண்டாம் என்று நான் சொன்னபோது முகம் சுளிக்காமல் அதைக் குறித்துக்கொண்டு, 18 வாரத்திற்குப் பின் விரிவான ஸ்கேன் எடுக்க நாள் வாங்கித் தந்தார்.