அவர் வராவிட்டால் நாம் மட்டும் கவுன்சலிங் போகலாமா? நம்ம ஊர்க்காரர்களின் அனுபவங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து:

“வீட்டுக்காரர் வர மாட்டேன் என்கிறார், நான் மட்டும் போய் என்ன ஆகப்போகிறது?” இந்தக் கேள்வியை இங்கே நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். நான் தனியாகத்தான் போனேன். அவர் இன்றுவரை அந்தப் படி ஏறியதில்லை. ஆனாலும் எங்களுக்குள் நடப்பது மாறியிருக்கிறது.

அவர் துபாயில் வேலை பார்க்கிறார். போனில் பிள்ளைகள் படிப்பு, சீட்டுப் பணம், மாடி கட்டுகிற செலவு, இதுதான் பேச்சு. மனசில் இருப்பதை நான் எடுத்தால் “இப்ப எதுக்கு அது?” என்று வைத்துவிடுவார். நான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவேன், எடுக்க மாட்டார். அடுத்த போன் மதினிக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு. மதினி தம்பியிடம் பேசுவார். மறுநாள் “அக்காகிட்ட எதுக்குச் சொன்ன?” என்று புதுச் சண்டை தொடங்கும். முதல் சண்டை எதற்கு என்பதே அதில் அமுங்கிப் போகும்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் குடும்பம் கூடியபோது பெரியவர்கள் எங்களை உட்காரவைத்தும் பேசினார்கள். நல்ல மனசோடுதான் பேசினார்கள். ஆனால் அங்கே இருந்த ஒவ்வொருவரும் ஒன்று அவர் பக்கத்துச் சொந்தம், இல்லை என் பக்கத்துச் சொந்தம். யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் பார்த்த கவுன்சலர் எனக்குச் சரிவரவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “பொம்பளைதான் அனுசரிச்சுப் போகணும்” என்றார். அப்புறம் விசாரித்து, பாளையங்கோட்டையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போனேன். தயவுசெய்து நீங்களும் விசாரித்துப் போங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை.

என் கணவரின் குறைகளை வரிசையாகச் சொல்லத்தான் போயிருந்தேன். மேடம் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, “இங்க இல்லாதவரைப் பத்தி நான் தீர்ப்புச் சொல்ல முடியாதும்மா. அவர் போனை வச்சதும் உங்களுக்கு என்ன ஆகுதுன்னு சொல்லுங்க” என்றார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அந்த ஒரு கேள்வியிலேயே வெகுநாள் இருந்தோம். தொண்டை அடைக்கும், கை நடுங்கும், இனி இவர் பேசவே மாட்டார் என்று தோன்றும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா பம்பாயில். ஆச்சி வீட்டில், அப்பாவின் கடிதத்துக்குக் காத்திருந்து வளர்ந்தவள் நான். இவரைக் கட்டுவதற்கு வெகு முன்பே அந்தப் பயம் என்னிடம் இருந்திருக்கிறது.

இன்னொரு நாள் ஒரு தாளில் முக்கோணம் வரைந்தார்கள். ஒரு முனையில் நான், ஒரு முனையில் அவர், மூன்றாவதில் மதினி. இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வது எந்தக் குடும்பத்திலும் நடக்கும். இறுக்கம் கொஞ்சம் தணியும், விஷயம் தீராது என்றார்கள். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் விளக்கியது இது. குடும்பத்தில் ஒரே ஒருவர் தன் பங்கை நிதானமாக மாற்றிக்கொண்டாலும் மற்றவர்களிடமும் அசைவு தொடங்கும் என்பது அவர் கருத்து. தனியாகப் போவதில் பயன் இருக்கிறது என்று நான் நம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மதினியிடம், “கோவிச்சுக்காதீங்க மதினி, இனி இதை அவங்ககிட்டயே பேசிக்கிடுதேன்” என்றேன். வீட்டுக்காரர் போனை வைத்தால் திரும்பக் கூப்பிடாமல், ஒரே ஒரு விஷயத்தை வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டு, எப்போது பேசலாம் என்று கேட்டேன். இதைச் செய்வது எளிதாக இல்லை. மதினிக்கு வருத்தம், கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ முன்னைவிட மௌனமானார். ஒருவர் மாறும்போது மற்றவர் முதலில் பழைய இடத்துக்கே இழுத்துப் பார்ப்பார் என்று மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் தாக்குப்பிடித்தேன். பிறகு ஒரு ராத்திரி அவராகவே கூப்பிட்டார். கம்பெனியில் சம்பளம் பாக்கி நிற்பதை, அக்காவுக்குக்கூடச் சொல்லாததை, என்னிடம் சொன்னார். மனசு விட்டுப் பேசுகிற ஆளாக அவர் முழுசாக மாறிவிடவில்லை. ஆனால் அவர் பேசாத நாட்களில் எனக்கு இப்போது கை நடுங்குவதில்லை.

நாங்குநேரி பக்கத்திலிருந்து:

அக்கா, எங்கள் வீட்டில் பேச்சை முறித்துக்கொண்டு போகிற ஆள் நான். குரல் உயர்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நாலுவழிச் சாலைக்குப் போய்விடுவேன், ராத்திரிதான் வருவேன். சண்டை பெரிதாகாமல் இருக்கத்தான் போகிறேன் என்று நினைத்திருந்தேன். என் மனைவிக்கோ, விட்டுவிட்டுப் போகிறான் என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

நேரில் போகத் தயக்கமாக இருந்ததால் முதலில் 14416-க்குப் பேசினேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்லித்தான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. 2017-ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு, நாம் சொல்வதை ரகசியமாக வைப்பதை நம் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில்தான் விலக்கு.

படபடப்பு ஏறி, நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது. அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்று அங்கே விளக்கினார்கள். அதனால் வெளியே போவதை விடச் சொல்லவில்லை, சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள். “எனக்குப் படபடப்பா வருது. அரை மணி நேரத்துல வந்து பேசுதேன்.” இதைச் சொல்ல எனக்கு வாய் வரவே நாளாயிற்று. வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவது அதைவிடக் கஷ்டம். அங்கே ஏமாற்றினால் மொத்தமும் வீண். இப்போது நான் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்து சத்தம் போடுவதில்லை.

பேட்டையிலிருந்து:

மேலே எழுதிய இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் அடி விழுகிற வீட்டுக்கு இந்த வழிகள் பொருந்தாது. நான் கவுன்சலிங் போனபோது அங்கிருந்த மேடம், எப்படிப் பேசினால் அவர் கோபப்பட மாட்டார் என்று எனக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கிறாயா, ஆதார், பாங்க் புத்தகம், பிள்ளைகள் சர்டிபிகேட் எங்கே இருக்கிறது, ராத்திரி யார் வீட்டுக்குப் போகலாம், இதைத்தான் கேட்டார். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசலாமா என்று நானே கேட்டேன். அங்கே நீ சொல்கிற உண்மைக்கு வீட்டில் வைத்து அடி விழும் என்று மறுத்துவிட்டார். 2005-ம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் உண்டு. என் பயத்தை நம்பி, என்னைக் குறை சொல்லாமல் கேட்ட முதல் ஆள் அந்த மேடம்தான்.

அதனால் அக்கா எழுதியதை உங்கள் வீட்டில் செய்து பார்க்கும் முன், ஒரு விஷயத்துக்கு “மாட்டேன்” என்று சொன்னால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நினைக்கும்போதே பயம் வந்தால், முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள்.