லுத்தர் ஏணியின் கடைசிப் படியை எடுத்துவிட்டாரா?

கேள்வி:
12-ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ, துறவியின் பயிற்சியை வாசிப்பு, தியானம், ஜெபம், இறைக்காட்சியில் ஆழ்தல் என்ற நான்கு படிகளுள்ள ஏணியாக விவரித்தார். சீர்திருத்தச் சபையார் நான்காம் படியை ஏற்கவில்லை என்றே இறையியல் வகுப்பில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அப்படியானால், 'தெயோலோகியா ஜெர்மானிக்கா' என்ற 14-ஆம் நூற்றாண்டு மறைஞான (இறைவனோடு ஒன்றுதலை நாடும்) நூலை, சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தரே 1516-இல் ஒரு பகுதியாகவும் 1518-இல் முழுமையாகவும் அச்சேற்றியது ஏன்? இதைப் பற்றிய கட்டுரைக்காகக் கேட்கிறேன்.

முதல் பதில்:
உங்களுக்குக் கற்பித்தது பெரும்பாலும் சரியே. 1539-இல் தம் ஜெர்மன் நூல்தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் லுத்தர், 119-ஆம் சங்கீதத்திலிருந்து ஜெபம், தியானம், சோதனை என்ற மூன்றை மட்டுமே எடுத்துரைக்கிறார். அங்கே தியானம் என்பது கண்மூடி அமர்வது அன்று. வசனத்தை வாய்விட்டுச் சொல்லி, திரும்பத் திரும்பப் படித்து, சொல்லோடு சொல்லை உரசிப் பார்ப்பது. சொல்லைக் கடந்த இருளில் இறைவனைத் தேடச் சொன்ன பழங்கால மறைஞான எழுத்தாளர் தியொனீசியுவை, கிறிஸ்தவரைவிடப் பிளேட்டோவின் சீடர் என்றே 1520-இல் அவர் சாடினார்.

இரண்டாம் பதில்:
ஐயா சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். இறைக்காட்சி இருந்த இடத்தில் லுத்தர் வைத்த 'சோதனை'யே மறைஞானியரிடம் அவர் பயின்றதுதான். ஸ்திராஸ்பூர்க் தொமினிக்கத் துறவி தாவுலரின் பிரசங்கங்களை 1516 வாக்கில் ஓரக்குறிப்புகள் எழுதியபடி படித்த அவர், இறைவன் கைவிட்டதுபோல் உள்ளம் தவிக்கும் வேதனையைப் பற்றிப் பேசும்போது, 1518-இல் தாவுலரையே சான்றாகக் காட்டினார். ஆகவே ஏணியின் உச்சி கழற்றி எறியப்படவில்லை. ஏறும் முயற்சி மனிதனுடையதாக இல்லாமல் போனது, அவ்வளவே. மற்றொரு சீர்திருத்தத் தலைவரான கால்வினின் போக்கு வேறு: 12-ஆம் நூற்றாண்டுத் துறவி பெர்னார்தை மதித்து மேற்கோள் காட்டிய அவரே, லுத்தர் போற்றிய 'தெயோலோகியா ஜெர்மானிக்கா'வை நஞ்சு என்றார்.

மூன்றாம் பதில்:
லுத்தரோடு நிறுத்திவிட்டால் கட்டுரை பாதியிலேயே நிற்கும். 1605-இல் வெளிவரத் தொடங்கிய 'மெய்யான கிறிஸ்தவம்' நூலில் லுத்தரன் போதகர் யோகான் ஆர்ன்ட், தாவுலரையும் இடைக்காலத் துறவி தோமா கெம்பிஸையும் தாராளமாக எடுத்தாண்டார். ஆர்ன்டின் பிரசங்கத் தொகுப்புக்கு முன்னுரையாகவே லுத்தரன் போதகர் ஸ்பேனர் 1675-இல் எழுதியது, உள்ளார்ந்த பக்தியை வலியுறுத்திய லுத்தரன் பக்தி இயக்கத்தின் (பயட்டிசம்) அடிப்படை நூலாயிற்று. அந்த இயக்கத்தின் ஹாலே நகரிலிருந்தே மறைபரப்பாளர் சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். இன்னொன்று: பெரிய வெள்ளியன்று நம் லுத்தரன் ஆலயங்களில் பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' பாட்டின் ஜெர்மன் மூலத்தை இயற்றியவர் பவுல் கெர்ஹார்ட். அவர் முன்வைத்துக்கொண்டதோ, சிலுவையில் தொங்குபவரின் உடலை உறுப்புறுப்பாக நோக்கி வணங்கும் இடைக்கால இலத்தீன் பாடல். வெகுகாலம் அதைப் பெர்னார்தின் பெயரில் வழங்கினார்கள். உண்மையில் அது லூவன் ஊர் ஆர்னுல்ஃபுடையது என்பதே இன்றைய கருத்து. இயேசுவின் காயப்பட்ட தலையையும் முகத்தையும் நோக்கி நிற்கும் கெர்ஹார்டின் அந்தப் பாட்டைப் பாடும் சபையார் செய்வது குய்கோவின் ஏணியில் எந்தப் படியைச் சேர்ந்தது என்று உங்கள் கட்டுரையில் கேட்டுப்பாருங்கள்.