ஷிப்டுக்கு எட்டு ஆள்: நம்ம பிள்ளைகளா, எல்லாரும் கலந்தா?

செம்பனை_சூப்பர்வைசர்:
மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் இருக்கிறேன். இரவு ஷிப்டுக்கு எட்டுப் பேரை எடுக்கும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப் பையன்களே எட்டுப் பேரும் கிடைப்பார்கள், எல்லாம் தெரிந்த குடும்பம். மலாய்க்காரர், நேப்பாளி என்று கலந்து எடுத்தால்தான் ஷிப்ட் ஓடும் என்கிறார் கூட வேலை செய்யும் ஒருவர். என்ன செய்யலாம்?

லயத்து_மாறன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணே? தோட்டத்தை விற்றதும் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வெளியேறிய குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேறு எந்தக் கதவு திறக்கிறது? ஒரே பேச்சு, ஒரே பழக்கம். ஓவர்டைம் என்றால் ஒருத்தனுக்கு ஒருத்தன் விட்டுக்கொடுப்பான். கலவை எல்லாம் கம்பெனி காலண்டர் படத்துக்குத்தான் அழகு.

மல்லிகா_ஆலை:
மாறன், தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி, பழக் குலையை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பக்கம் யார் நிற்பது? குலை பண்டிகை பார்த்துப் பழுக்காது. வெட்டியதை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்கப் பார்ப்பார்கள். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். எங்கள் ஷிப்டில் நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் நிற்போம், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மலாய்க்காரப் பிள்ளைகள் நிற்பார்கள். யாரும் உத்தரவு போட்டு வந்த ஏற்பாடு இல்லை இது.

லயத்து_மாறன்:
பொது விடுமுறையில் வேலை செய்தால் மூன்று மடங்கு சம்பளம். அதற்கு ஆளா கிடைக்காது? இன்னொன்று, நேப்பாளியை எடுப்பது கலந்து பழகத்தான் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மலிவு, அவ்வளவுதான்.

மல்லிகா_ஆலை:
2025 பிப்ரவரியிலிருந்து எங்கள் மாதிரி ஆலைகளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அதுவேதான்.

லயத்து_மாறன்:
தாளில் சமம். அவன் வேலை பெர்மிட் முதலாளியை நம்பி இருக்கிறது, வாய் திறக்க யோசிப்பான். முதலாளிக்கு அந்த வசதிதான் வேண்டும்.

பழைய_மண்டோர்:
மாறன் தம்பி சொன்ன இந்த ஒன்று உண்மை. ஆனால் வாய் திறக்காத கூட்டம் நம்மிடமும் இருந்ததே. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி தன் ஊரிலிருந்தே ஆள் கூட்டி வந்தான், ஒரே பேச்சு, பல சமயம் ஒரே சாதி. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு. கங்காணியை எதிர்த்துப் பேசினால் துரையிடம் போகவும் வழியில்லை, ஊரில் உறவும் கெடும். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினாலும் அந்தப் பழக்கம் லேசில் போகவில்லை. இப்போது யோசியுங்கள்: மாமன் வால்வைச் சரியாக மூடவில்லை என்றால் மருமகன் ரிப்போர்ட் எழுதுவானா? போய்லர் பக்கத்தில் உறவுக்காரக் கூட்டம் எனக்குப் பயம்.

லயத்து_மாறன்:
ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எட்டில் நம்ம பிள்ளைக்கு ஒரு இடம் கூட இல்லாமல் போனால் நியாயம் எங்கே கேட்பது?

மல்லிகா_ஆலை:
வேலையில் சேர்ந்த பிறகு என்றால் கேட்க இடம் இருக்கிறது. வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த பிறகு, வேலையில் பாகுபாடு என்றால் தொழிலாளர் இலாகாவிடம் புகார் கொடுக்கலாம். பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையையும் அதே திருத்தம் எடுத்துவிட்டது. ஆனால் இங்கே இரண்டு பேர் "பையன்கள்", "மருமகன்" என்றே எழுதிக்கொண்டு போகிறீர்கள்! கிரேடிங் மேடையில் குலை பார்த்துப் பிரிக்க மீசை வேண்டுமா?

செம்பனை_சூப்பர்வைசர்:
அம்மா, நானும் எழுதினேன், சரி. ராத்திரி வேன் இல்லாமல் எந்தப் பெண் வருவார்? வேனுக்கு முதலில் மேனேஜரிடம் பேசுகிறேன். நோட்டீஸைத் தமிழிலும் மலாயிலும் ஒட்டுகிறேன். ஒரே வீட்டுக்காரர் இருவரை ஒரே ஷிப்டில் போடப் போவதில்லை.

லயத்து_மாறன்:
கோயில் வாசலிலும் ஒட்டுங்கள் அண்ணே. சூராவில் (சிறிய தொழுகை இடத்தில்) ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நேர்முகத்தில் மலாய் எவ்வளவு சரளம் என்று பார்த்து நம்ம பிள்ளையைத் தள்ளினால், நான் திரும்பவும் இங்கே வருவேன்.