வாட்ச் 410 என்கிறது, டிரெட்மில் 250 என்கிறது: எந்தக் கலோரியை நம்புவது?

கோவைநடை:

வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. எனக்கு 43 வயது, எடை 68 கிலோ. காலையில் ரேஸ்கோர்ஸில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், 5 கிலோமீட்டர் வந்துவிடும். மழை பெய்தால் அபார்ட்மென்ட் ஜிம்மில் டிரெட்மில், அங்கேயும் அதே 5 வேகம், அதே ஒரு மணி நேரம்.

கையில் கட்டியிருக்கும் வாட்ச் இந்த நடைக்கு 410 கலோரி காட்டுகிறது, சராசரி இதயத் துடிப்பு 128. டிரெட்மில் திரையில் 250. சரி, எது உண்மை என்று பார்த்துவிடலாம் என்று, சைக்கிள் ஓட்டும் என் தம்பியிடம் மார்பில் கட்டும் பட்டையை வாங்கிக் கட்டி நடந்தேன். அதில் துடிப்பு 126, கலோரி 395. அப்போ டிரெட்மில்தான் தப்பா?

இதை ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், சாப்பாட்டைக் குறித்துவைக்கும் என் ஆப் வாட்சோடு இணைந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று வைத்திருக்கிறேன். நடந்து முடித்து வந்ததும் அந்த 410-ஐயும் சேர்த்து, இன்று 1910 சாப்பிடலாம் என்கிறது. நானும் அதன்படிதான் அளந்து சாப்பிடுகிறேன், தாளிக்கும் எண்ணெயைக்கூட ஸ்பூனில்தான் ஊற்றுகிறேன். மாதங்கள் போகின்றன, எடை அசையவில்லை. இதில் இன்னொன்று, வெயில் ஏறியபின் கிளம்பினால் அதே தூரத்துக்கு கலோரி இன்னும் அதிகமாக வருகிறது, அது ஏன் என்றும் புரியவில்லை. சொந்தமாக ஒரு நல்ல மார்புப் பட்டை வாங்கினால் இந்தக் குழப்பம் தீருமா?


பிசியோ_திருச்சி:

பட்டை வாங்கினால் தீராதுங்க. உங்கள் வாட்சும் பட்டையும் துடிப்பில் ஒத்துப்போகின்றன, 128-க்கும் 126-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? துடிப்பை எண்ணுவதில் கோளாறு இல்லை. துடிப்பிலிருந்து கலோரிக்குப் போகிற இடத்தில்தான் கோளாறு.

உடம்பு செலவழிக்கும் சக்தியை ஓரளவு நேராகச் சொல்வது ஆக்சிஜன்தான். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் சுமார் 5 கலோரி. ஆய்வகத்தில் முகத்தில் மாஸ்க் மாட்டி, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒப்பிட்டு இதை அளப்பார்கள். வாட்சுக்கு அந்த வழி இல்லை. அது தோலுக்குள் பச்சை வெளிச்சத்தை அடிக்கிறது, ரத்தம் பாயும் ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது, அதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. பிறகு நீங்கள் கொடுத்த வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போடுகிறது. கம்பெனிகள் தங்கள் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை. ஆனால் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய சூத்திரம் ஒன்று இருக்கிறது, கீட்டெல் என்பவரின் குழு 2005-ல் வெளியிட்டது. அதில் உங்கள் எண்களைப் போட்டேன்: 128 துடிப்புக்கு மணிக்கு 450 கலோரி வருகிறது. உங்கள் வாட்சின் 410-ம் இந்த மாதிரி ஒரு கணக்கில் வந்ததாகத்தான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சூத்திரம் தவறாமல் உடற்பயிற்சி செய்யும் 115 பேரை அளந்து உருவாக்கியது. பழகிய இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளும், அப்படிப்பட்டவருக்குத் துடிப்பு 128 வரை ஏற வேண்டுமென்றால் அவர் உண்மையிலேயே நன்றாக உழைக்க வேண்டும். பழக்கம் குறைந்தவருக்குச் சாதாரண நடைக்கே 128 வந்துவிடும். உழைப்பு கம்மி, துடிப்பு மட்டும் அதிகம். சூத்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு வழி, துடிப்பை விட்டுவிட்டு வேகத்திலிருந்து கணக்குப் போடுவது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாடு இருக்கிறது: சமதள நடைக்கு, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நடக்கிறீர்களோ அதை 0.1-ஆல் பெருக்கி 3.5-ஐக் கூட்டினால், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு இத்தனை மி.லி. ஆக்சிஜன் என்று வரும். மணிக்கு 5 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 83 மீட்டர், ஆக 11.8 மி.லி. உங்கள் 68 கிலோவுக்கும் 60 நிமிடத்துக்கும் பெருக்கினால் 48 லிட்டர், அதாவது சுமார் 240 கலோரி. டிரெட்மில் காட்டிய 250 இதற்குப் பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை, பெரும்பாலான டிரெட்மில்கள் இந்த மாதிரிக் கணக்கைத்தான் போடும். எடையைக் கேட்டால் கொடுங்கள், கொடுக்காவிட்டால் தானாக ஒரு எடையை வைத்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. அந்த 240-ல் 70 கலோரி, நீங்கள் அந்த ஒரு மணி நேரம் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும். சமன்பாட்டில் வரும் 3.5 அதுதான். நடந்ததால் கூடுதலாகச் செலவானது 170 மட்டுமே. நீங்கள் ஆப்பில் வைத்திருக்கும் 1500-க்குள் அந்த 70 ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆக 170 செலவழித்துவிட்டு 410 கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள், தினமும் 240 உபரி. எடை அசையாததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வெயிலுக்கும் இதேதான் பதில். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் திருப்பி விடப்படுகிறது, வேர்வையில் நீரும் போகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. கால்கள் செய்யும் வேலை அதேதான். கீட்டெல் சூத்திரத்தில் துடிப்பு 10 ஏறினால் பெண்களுக்கு மணிக்கு 64 கலோரி கூடிவிடும். அது வெயில் காட்டிய கணக்கு, உங்கள் கொழுப்பு கரைந்த கணக்கு இல்லை.


ஓட்டம்_அடையாறு:

மேலே சொன்னது முழுக்கச் சரி. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 7 கைக்கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். 6 கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் இருந்ததிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறு, மிக மோசமானது 93 சதவீதம். இன்றைய மாடல்கள் அதற்கு அப்புறம் வந்தவை, இருந்தாலும் அடிப்படை மாறவில்லை.

அதே ஆய்வில் தோல் நிறம் கருமையாக இருந்தவர்களுக்கும், உடல் பருமன் கூடியவர்களுக்கும் பிழை அதிகமாக வந்தது. நம் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பச்சை வெளிச்சத்தைத் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் உறிஞ்சும். பட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை, அது இதயத்தின் மின்சமிக்ஞையைத்தான் பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே கம்பியில்லாத பட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது, அத்தனை பழைய, நம்பகமான முறை.

ஓடுகிறவர்களுக்கு ஒரு எளிய கணக்கு: ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடை ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கலோரி. 70 கிலோ ஆள் 5 கி.மீ. ஓடினால் 350. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் பெரிதாக மாறாது. வாட்ச் இதைவிட எக்கச்சக்கமாகக் காட்டினால் நான் கண்டுகொள்வதே இல்லை.


இரும்பு_மதுரை:

எடை தூக்குகிறவர்களுக்கு இன்னும் மோசம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்குவாட் அடிக்கும்போது மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறோம், துடிப்பு விர்ரென்று 150 போகும், ஆனால் ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. வாட்ச் அதை ஓட்டம் மாதிரி எடுத்துக்கொண்டு கலோரியை அள்ளி வீசும். இதற்கு நேர்மாறாக, கம்பியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டு மடங்கினால் ரத்த ஓட்டம் சரியாகத் தெரியாமல் துடிப்பு 90-லேயே நிற்கும். இரண்டையும் ஒரே செட்டில் பார்க்கலாம்.

நடப்பவர்களும் ஓடுபவர்களும் பார்க்க வேண்டியது வேறு. வாட்ச் லூசாக இருந்தால் கை வீசும் தாளத்தைத் துடிப்பு என்று நினைத்துக்கொள்ளும். ஓடுகிறவரின் காலடி நிமிடத்துக்கு 165 என்றால் துடிப்பும் அசையாமல் 165 காட்டும். சந்தேகம் வந்தால் நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கிப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, தோல் அழுந்தும் அளவுக்கு இறுக்கி, நடை முடிந்ததும் தளர்த்துங்கள். வாட்சின் அடிப்பக்கத்தில் வேர்வை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும் அந்தக் கண்ணாடியையும் அவ்வப்போது ஈரத்துணியால் துடையுங்கள் அக்கா, பலர் வாங்கிய நாளிலிருந்து துடைப்பதே இல்லை.


நெல்லை_மகள்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அந்தக் கலோரிப் பக்கத்தையே மூடிவிடுங்கள். 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது, 471 இளம் வயதினர், 2 வருடம். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு, ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கூடவே கையில் கட்டும் கருவி கொடுத்தார்கள். முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்தார்கள், கருவி கட்டியவர்கள் 3.5 கிலோதான். திரையில் பெரிய எண்ணைப் பார்த்ததும் இன்னொரு வடை சாப்பிடலாம் என்ற தைரியம் வந்துவிடுகிறது என்பதுதான் என் எண்ணம். எங்கள் வீட்டிலேயே நடக்கிறது.


ஓட்டம்_அடையாறு:

@நெல்லை_மகள் ஆய்வு உண்மைதான், ஆனால் அது மேல்கையில் கட்டும் பழைய வகைக் கருவி, அவர்களுக்கு எடை ஏன் குறைவாக இறங்கியது என்ற காரணத்தையும் அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. வாட்ச் இருப்பதால்தான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கலோரியைத்தான் விட வேண்டும், வாட்சை இல்லை.


மாலைநடை:

யாராவது வீட்டுப் பெரியவர்களுக்கு வாட்ச் வாங்கிக் கட்டியிருந்தால் ஒரு விஷயம். என் அப்பா பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். அடெனோலால் போல அதுவும் துடிப்பை ஏறவிடாத மாத்திரை. அவர் மூச்சு வாங்க நடந்தாலும் துடிப்பு 95 தாண்டாது, வாட்ச் அவர் சும்மா உலாத்தியதாக நினைத்துக் கலோரியைக் குறைத்துக் காட்டும். 220-லிருந்து வயதைக் கழித்து வரும் உச்சத் துடிப்பும் இவர்களுக்குப் பொருந்தாது. வாட்ச் சொல்லும் துடிப்பு இலக்கை எட்ட வேண்டும் என்று அவர்களை விரட்டாதீர்கள். நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.


கோவைநடை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணக்கைப் பார்த்ததும் ஒரு பக்கம் வருத்தம், ஒரு மணி நேரம் நடந்தும் 170 தானா என்று. ஆனால் காரணம் தெரிந்ததே நிம்மதி. ஆப்பில் போய்ப் பார்த்தால் அன்றாட வேலை என்ற இடத்தில் 'ஓரளவு சுறுசுறுப்பு' என்று இருக்கிறது. அது இந்த நடையையும் சேர்த்தா? அப்புறம், 170-ஐயாவது சாப்பிடலாமா, இல்லை ஒன்றுமே கூட்டக்கூடாதா?


பிசியோ_திருச்சி:

பல ஆப்களில் 'ஓரளவு சுறுசுறுப்பு' என்றால் வாரத்தில் சில நாள் உடற்பயிற்சியையும் சேர்த்துத்தான். அப்படியானால் நடை அங்கே ஒரு முறை, வாட்சில் இன்னொரு முறை என்று இரண்டு தடவை எண்ணப்படுகிறது. அதை 'உட்கார்ந்த வேலை' என்று மாற்றுங்கள், தினசரி இலக்கு கொஞ்சம் இறங்கும். வாட்ச் இணைப்பை அணைத்துவிட்டு, நடந்த நாளில் மட்டும் கையால் 100 முதல் 150 வரை போட்டுக்கொள்ளுங்கள். பசி தாங்கவில்லை என்றால் சாப்பிடுங்கள், ரொம்பக் கீழே இழுத்துப் பிடிக்காதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து வாராந்தரச் சராசரி எடுங்கள். நாலு வாரம் கழித்து சராசரி இறங்கினால் அந்த எண் உங்களுக்குச் சரி, இறங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். உங்கள் உடம்புக்கு எந்தச் சூத்திரத்தையும்விட இது துல்லியம்.

வாட்சில் துடிப்பை மட்டும் விடாமல் பாருங்கள். வெயிலுக்கு முன், அதே பாதை, அதே வேகம். பழகப் பழக 128 என்பது 120, 115 என்று இறங்கும், இதயம் தேறுகிறது என்று அர்த்தம். அப்போது அதே 5 கிலோமீட்டருக்கு வாட்ச் 410-க்குப் பதில் 360, 330 என்று காட்டும். குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், நீங்கள் செலவழிப்பது அப்போதும் ஏறக்குறைய அதே 240-தான்.