கண் பிரஷர் குடும்பத்திலேயே இருப்பவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரை அம்மா:
என் மகளுக்குப் பிறவி கிளாக்கோமா, அதாவது பிறப்பிலிருந்தே கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வையைக் கெடுக்கும் நோய். அவளுக்கு அப்போது நாலு மாதம். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "கண்ணு எவ்வளவு பெருசு, மான்குட்டி மாதிரி" என்பார்கள், மாமியார் தினமும் சுற்றிப் போடுவார். வாசலுக்குத் தூக்கி வந்தாலே முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வாள், கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். கண்ணீர்க் குழாய் அடைப்பு, மூக்கோரம் நீவி விடுங்கள் என்றார் முதலில் பார்த்த டாக்டர். இரண்டு மாதம் நீவினேன். அப்புறம் கருவிழி பால் ஆடை படிந்த மாதிரி மங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து அளந்தார்கள், கருவிழி 13 மி.மீ. குழந்தைக்கு 12ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். அந்த வாரமே ஆபரேஷன். இப்போது ஏழு வயது, கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் படிக்கிறாள். ஆனால் அழகு அழகு என்று நான் எடுத்து வைத்த போட்டோ ஒன்றைக்கூட இன்றுவரை என்னால் பார்க்க முடியவில்லை. நாங்கள் அத்தை மகன், மாமா மகள்.

ஈரோடு தம்பி:
எங்களுக்கு இளம் வயதில் வரும் வகை. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் 40 வயதுக்குள் பார்வை போனது. எனக்கு 26ல் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பிரஷர் 38 என்றார்கள் (21க்குள் இருக்க வேண்டும்). வலி துளிகூட இல்லை. பார்வை எவ்வளவு தூரம் பரந்து தெரிகிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட் மெஷினில் தாடையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரமாக ஒன்றுமே வரவில்லை. "மேடம், மெஷின் நின்னுபோச்சா?" என்று கேட்டேன். "ஓடிக்கிட்டுதான் இருக்கு தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை, இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனது. போன பார்வை போனதுதான், மிச்சம் நிற்கிறது. மகனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, வருடாவருடம் பிரஷர் பார்க்கிறேன். அம்மா அசல்தான், சொந்தமில்லை.

திருச்சி அக்கா:
சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான், எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. என் அண்ணன் வலிக்கவில்லையே என்று சொட்டு மருந்தை நிறுத்தினான், ஒரு கண் போய்விட்டது. அதனால் சொல்கிறேன். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் தொண்டைக்கு இறங்கி உடம்பில் கலந்துவிடும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். வீசிங் இருக்கிறவர்களுக்கு டிமோலால் என்ற பிரஷர் சொட்டு மருந்தை எழுதினால், வீசிங் இருப்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குள் குழந்தைக்கு ப்ரிமோனிடின் என்ற இன்னொரு பிரஷர் சொட்டு கூடவே கூடாது, மூச்சே அடங்கிப்போகலாம். கண் சிவந்தால் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள், பிரஷர் ஏறும். கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

மதுரை அம்மா:
அக்கா, சொந்தம் என்பதை நான் மறைக்கவில்லையே. ஈரோட்டுத் தம்பி வீட்டில் அசலில் கட்டியும்தான் வந்திருக்கிறது. அவர்கள் வகைக்கு ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். எங்கள் வகைக்கு அப்பா, அம்மா இருவரிடமும் பழுதான மரபணு இருக்க வேண்டும், இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் அது கூடுகிறது, அவ்வளவுதான். கல்யாணத்தின்போது இதை எங்களிடம் சொல்ல யாரும் இல்லை. இரண்டாவது பையனை ஒரு மாதத்திலேயே காட்டினேன், இரண்டு கண்ணும் சரியாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் கிடத்தினேன். வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.