புதுப்பிப்பு: லைஃப் கோச்சிடம் போனேன், ஆறு அமர்வுகள் முடிந்தன

வங்கி வேலையை விடலாமா என்று தவிக்கிறேன், வாழ்க்கை, வேலை பற்றிய முடிவுகளை நாமே எடுக்க உதவும் லைஃப் கோச்சிடம் போனால் பயன் இருக்குமா என்று மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன். போனேன்.

அவர் அறிவுரையே சொல்லவில்லை. "விடுங்கள்", "இருங்கள்" என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்ததால் முதல் இரண்டு அமர்வுகளில் எரிச்சல்தான் வந்தது. வெறும் கேள்விகள். அப்புறம் ஒரு வாரம், நாளின் எந்த நேரம் பிடிக்காமல் போகிறது என்று எழுதிவரச் சொன்னார். எழுதியபோதுதான் புரிந்தது: என்னை வாட்டியது வேலை அல்ல, இரவில் வரும் விற்பனை இலக்கு அழைப்புகள். மேலாளரிடம் பேசினேன். பிரிவு மாற்றம் கிடைத்துவிட்டது!

கோச்சுகளின் சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் கோச் என்று பலகை மாட்ட உரிமம் தேவையில்லை, அதனால் விசாரித்தே சேருங்கள். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் ஏ.சி.சி. என்ற தொடக்க நிலைச் சான்றுக்குக் குறைந்தது 100 மணி நேரம், பி.சி.சி. என்ற அடுத்த நிலைச் சான்றுக்கு 500 மணி நேரம் பயிற்றுவித்த அனுபவம் வேண்டும்.

தூக்கம் வராததைச் சொன்னதும், "அது என் வேலை இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்றார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவரிடமும் இப்போது போய்வருகிறேன்.